சுடுபவனும் சுடச் சொன்னவனும்

(கவனத்துக்கு: ‘பாதாள் லோக்’ முதல் பருவத்தின் முடிவும், ‘தி டே ஆஃப் த ஜாக்கல்’ நாவல், தொடர் ஆகியவற்றின் முடிவுகளும் இப்பதிவில் பேசப்படுகின்றன. பதிவு சற்றே நீளமானது.)

கூலிக்கொலையைத் தடுத்து நிறுத்தும் துப்பறியும் கதை எதுவானாலும் அதில் குறைந்தது நான்கு பேர் இருந்தாக வேண்டும். கொல்லப்பட வேண்டியவர், கொல்ல வருபவன், அவனைத் தேடிச் செல்லும் அதிகாரி, கூலி கொடுத்தவன். முதல் மூவரும் நம் நினைவில் தங்கிவிடுகிறார்கள். நான்காமவன் பெரும்பாலும் மறந்துபோகிறான். சில கதைகளில் அவனுக்குப் பெயர்கூட இருப்பதில்லை. இந்த மறதியை வெறும் கதை உத்தி என்று கடந்துவிட முடியாது என்பதே என் வாதம். வன்முறையைப் பற்றி நாம் யோசிக்கும் முறையிலும், நம் நீதிமன்றங்களில் வழக்குகள் முடியும் விதத்திலும், நம் ஆய்வேடுகள் தேர்ந்தெடுக்கும் பொருள்களிலும் அதே மறதி உண்டு.

இவ்வகைமையின் தாய்ப்பிரதியிலிருந்து தொடங்கலாம். ஃபிரெடரிக் ஃபோர்சைத்தின் ‘தி டே ஆஃப் த ஜாக்கல்’ நாவல் 1971இல் வெளிவந்தது. 1962 ஆகஸ்ட் 22 அன்று பாரிஸ் அருகே பெத்தி-கிளமார்ட்டில் பிரெஞ்சு அதிபர் தெகோல் சென்ற கார் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது வரலாறு. அதற்குத் தலைமை தாங்கிய பாஸ்தியன்-தீரி 1963 மார்ச் 11 அன்று சுட்டுக்கொல்லப்பட்டதும் வரலாறு. அல்ஜீரிய விடுதலையை ஏற்க மறுத்த ஓ.ஏ.எஸ். என்ற இரகசியப் படை, இத்தோல்விக்குப் பின் வெளிநாட்டுத் தொழில்முறைக் கொலைஞன் ஒருவனை அமர்த்துவதாக ஃபோர்சைத் கற்பனை செய்தார். தெகோல் 1970 நவம்பரில் இயற்கையாக மரணமடைந்தார் என்பது நாவலை வாங்கிய எல்லோருக்கும் தெரியும். கொலை நடக்கப்போவதில்லை என்று தெரிந்தும் வாசகர் பக்கத்தைப் புரட்டினார் என்றால், அவரை இழுத்தது முடிவன்று, வழிமுறைதான்.

அவ்வழிமுறையில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. கொலைஞனும் அவனைத் தேடும் க்ளோத் லெபெலும் மோதிக்கொள்ளும் களம் பெரும்பாலும் காகிதம்தான். குழந்தைப் பருவத்திலேயே இறந்துபோன ஒருவனின் பிறப்புச் சான்றிதழைப் பெற்று, அதைக் கொண்டு கடவுச்சீட்டு எடுக்கிறான் ஜாக்கல். லெபெலின் தேடலோ கடவுச்சீட்டு விண்ணப்பங்களிலும், விடுதிகளில் தங்குவோர் நிரப்பும் அட்டைகளிலும், எல்லைச் சாவடிப் பதிவுகளிலும் நடக்கிறது. குடிமக்களைப் பதிவுசெய்துவைக்கும் அரசு இயந்திரமே இங்கு துப்பறிபவர். துப்பறியும் கதையும் உளவுக் கதையும் தேசிய அரசின் எழுச்சியோடு சேர்ந்து பிறந்தவை, ‘யதார்த்தம்’ என்று அரசு உறுதியளிப்பதன்மீது எழும் ஐயமே அவற்றின் எரிபொருள் என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் லுக் போல்தான்ஸ்கி விரிவாக வாதிட்டிருக்கிறார். ஜாக்கல் அதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. பதிவேட்டின் ஓட்டைக்குள் நுழைபவனைப் பதிவேட்டைக் கொண்டே பிடிக்கிறது அரசு.

ஆனால் பிடித்த பிறகு என்ன? லெபெல் அவனைச் சுட்டு வீழ்த்துகிறார். அவன் யார் என்பது இறுதிவரை தெரிவதில்லை. அடையாளம் அறியப்படாதவனாகவே புதைக்கப்படுகிறான். கூலி பேசிய ஓ.ஏ.எஸ். தலைவர்களோ கதையின் பிற்பகுதியில் ஓசையின்றிப் பின்வாங்கிவிடுகிறார்கள். கையை வெட்டியதும் கதை முடிந்துவிடுகிறது.

1973இல் ஃபிரெட் ஸின்னமன் எடுத்த திரைப்படம் நாவலின் தடத்திலேயே சென்றது. 2024இல் எடி ரெட்மெய்ன் நடித்து வெளியான பத்துப் பகுதித் தொடர் கதையைச் சமகாலத்துக்குக் கொண்டுவந்தது. இலக்கு இப்போது நாட்டுத் தலைவர் அல்லர். பணப் பரிமாற்றங்களையெல்லாம் வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் மென்பொருளை அறிவிக்கும் தொழில்நுட்பச் செல்வந்தர். கூலி கொடுப்பவர்கள் அந்த வெளிச்சத்தை அஞ்சும் பெருநிதியாளர்கள். பொருள் மிக வளமானது. எனினும் தொடரின் காதல் முழுவதும் கொலைஞன்மீதுதான். அவன் மாறுவேடங்கள், துப்பாக்கியைப் பிரித்துச் சேர்க்கும் நளினம், ஸ்பெயினில் அவன் வீடு, மனைவி, குழந்தை என ஒளிப்பதிவுக் கருவி அவனைவிட்டு அகல்வதில்லை. அவனைத் துரத்தும் பியான்கா என்ற அதிகாரி தன் குடும்ப நிம்மதியையும் இறுதியில் உயிரையும் இழக்கிறாள். இலக்கானவரும் இறந்துபோகிறார். பணம் கொடுத்தவர்கள் எத்தகைய உலகில் வாழ்கிறார்கள், எதை இழக்க அஞ்சி ஒரு மனிதரின் உயிருக்கு விலை பேசினார்கள் என்பதற்குத் தொடர் ஒதுக்கிய நேரம் மிகக் குறைவு.

இப்பின்னணியில்தான் 2020 மே மாதம் அமேசான் பிரைமில் வெளியான ‘பாதாள் லோக்’ முதல் பருவம் எனக்கு முக்கியமானதாகப்படுகிறது. சுதீப் சர்மா உருவாக்கி, அவினாஷ் அருண், புரோசித் ராய் ஆகியோர் இயக்கிய ஒன்பது பகுதித் தொடர் இது. வழக்கமான கதையில் இறுதியில் நிகழவேண்டியது இங்கே தொடக்கத்திலேயே நிகழ்ந்துவிடுகிறது. புகழ்பெற்ற தொலைக்காட்சிச் செய்தியாளர் சஞ்சீவ் மேஹ்ராவைக் கொல்ல வந்ததாகக் கூறப்படும் நால்வரைத் தில்லிப் பாலமொன்றில் காவல்துறை மடக்கிப் பிடிக்கிறது. கொலை தடுக்கப்பட்டுவிட்டது, காவல்துறை கைதட்டல் பெறுகிறது. வழக்கு யமுனைக்கு அப்பாலுள்ள காவல் நிலையமொன்றின் ஆய்வாளர் ஹாதிராம் சவுத்ரியிடம் வருகிறது. பதவி உயர்வு எட்டாத, மேலதிகாரிகள் மதிக்காத, சொந்த மகனே மதிக்காத மனிதர் அவர். ஜெய்தீப் அலாவத்தின் தளர்ந்த நடையும் தொங்கிய தோளும் எந்த வசனத்தையும்விட அதைத் தெளிவாகச் சொல்கின்றன.

கை கிடைத்துவிட்ட பிறகு துப்பறிபவருக்கு எஞ்சுவது இரண்டே வினாக்கள். இவர்கள் யார்? இவர்களை அனுப்பியது யார்? முதல் வினாவுக்கு விடைதேடி ஹாதிராம் சித்ரகூடத்துக்கும், அவருடைய இளைய சகா இம்ரான் அன்சாரி பஞ்சாபுக்கும் செல்கிறார்கள். சகோதரிகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்குப் பழிதீர்க்கச் சிறுவயதில் சுத்தியலை எடுத்த தியாகி. ஆதிக்க சாதி இளைஞர்களின் இழிவைப் பொறுக்காமல் கத்தியை எடுத்து, அதன் விலையைத் தன் தாய் செலுத்தியதை அறிந்த தோப் சிங். கும்பல் வன்முறையில் சகோதரனை இழந்து, தன் மத அடையாளத்தையே மறைத்து வாழ்ந்த கபீர். கைவிடப்பட்ட குழந்தையாகப் பெருநகருக்கு வந்துசேர்ந்த வடகிழக்குத் திருநங்கை சீனி. நால்வரின் பெயர்களாக இருந்த குற்றப்பத்திரிகை நான்கு வாழ்க்கை வரலாறுகளாக விரிகிறது.

துப்பறியும் கதை குற்றத்தை ஒரு தனிமனிதன்மேல் ஏற்றி, சமூகம் குற்றமற்றது என்று வாசகருக்கு ஆறுதல் சொல்லும் வடிவம் என்பது இத்தாலிய விமர்சகர் ஃபிராங்கோ மொரெத்தியின் புகழ்பெற்ற வாதம். ‘பாதாள் லோக்’ இந்த ஆறுதலைத் தர மறுக்கிறது. கபீரின் வழக்கு இதன் உச்சம். மத்தியப் புலனாய்வுத் துறை வழக்கைக் கையிலெடுத்ததும், நால்வரும் எல்லைக்கு அப்பாலிருந்து ஏவப்பட்டவர்கள் என்று செய்தியாளர் சந்திப்பில் அறிவிக்கிறது. மகனை முஸ்லிமாகக்கூட வளர்க்க அஞ்சிய ஒரு தந்தைக்கு, அவன் மதப்போராளி என்ற செய்தி வந்துசேர்கிறது. அரசின் பதிவேட்டைக் கொண்டு உண்மையைக் கண்டடைந்தவர் லெபெல். ஹாதிராமோ அரசின் பதிவேட்டையே மறுத்து உண்மையைத் தேடவேண்டியவர். போல்தான்ஸ்கி சொல்லும் ஐயம் இங்கு எல்லை கடந்து அரசின் வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது.

இரண்டாவது வினாவின் விடைதான் தொடரின் உண்மையான அதிர்ச்சி. மேஹ்ரா இலக்கே அல்லர். தியாகியின் தலைவனான தோனுலியா குஜ்ஜர் இறந்துவிட்ட செய்தியை மறைத்து, அவன் பெயரால் ஆண்டுகொண்டிருக்கும் குவாலா குஜ்ஜருக்கும், அரசியல்வாதி பாஜ்பாயிக்கும் தியாகி இடையூறு. அவனைத் தில்லிக்கு அனுப்பி, பெரிய மனிதரைக் கொல்ல வந்தவனாகக் காட்டி, காவல்துறையின் துப்பாக்கியால் முடித்துவிடுவதே திட்டம். கொல்ல வந்தவன்தான் கொல்லப்படவேண்டியவன். ஏவப்பட்ட கருவி காலாவதியானதும் அதை அழிக்கும் வேலையும் அரசிடமே ஒப்படைக்கப்படுகிறது. தியாகி ஏன் மேஹ்ராவைச் சுடவில்லை என்பதற்கான விடை இன்னும் விசித்திரமானது. நாய்களிடம் அன்பு காட்டுபவர் நல்லவர் என்று அவனுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. மேஹ்ராவின் வீட்டில் தெருநாய்க்குக் கிடைத்த பரிவைக் கண்டு அவன் கை தயங்குகிறது. இக்கொலையைத் தடுத்தது காவல்துறை அன்று. கொல்ல வந்தவனிடம் எஞ்சியிருந்த ஓர் அறம். கூலி வாங்கியவனுக்கும் சொந்தத் தீர்ப்பு உண்டு என்பதை இதைவிட எளிமையாகச் சொல்ல முடியாது.

இவ்விடத்தில் சொற்களைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. மும்பை நிழலுலகின் வழியே இந்திய மொழிகளில் பரவிய சொல் ‘சுபாரி’. பொருள், பாக்கு. தாம்பூலம் கொடுத்து ஒப்பந்தத்தை உறுதிசெய்யும் வழக்கத்தின் தடம் அதில் இருக்கிறது. தாம்பூலம் மாற்றித் திருமணத்தை நிச்சயிக்கும் நமக்கு அது எளிதில் விளங்கும். பாக்கைக் கொடுக்க ஒருவரும் வாங்க ஒருவரும் வேண்டும். ஆகவே அச்சொல் இருவரையும் உடன் அழைத்துவருகிறது. தமிழில் நாம் வழங்கும் சொல் ‘கூலிப்படை’. இது வாங்கியவனை மட்டுமே பெயரிடுகிறது. கொடுத்தவன் சொல்லுக்கு வெளியே நிற்கிறான். கூலிப்படையினர் கைது, கூலிப்படையினர் நீதிமன்றத்தில் சரண் என்று நம் செய்தித்தாள்கள் அன்றாடம் எழுதும்போது, வாக்கியம் இலக்கணப்படி நிறைவடைந்துவிடுகிறது, நிகழ்ச்சி நிறைவடைவதில்லை.

வழக்குகளும் இப்படி முடிவதுண்டு. பகுத்தறிவாளர் நரேந்திர தாபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2024 மே 10 அன்று, ஏறத்தாழ பதினொரு ஆண்டுகளுக்குப் பின், சிறப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுட்ட இருவருக்கு ஆயுள் தண்டனை. சதிக் குற்றம் சாட்டப்பட்டவர் உட்பட மூவர், குற்றம் மெய்ப்பிக்கப்படாததால் விடுதலை. கொலைக்கு மூளையாக இருந்தவர்கள் வேறு எவரோ என்றும், அவர்களைப் புலனாய்வு அமைப்புகள் வெளிக்கொணரவில்லை என்றும் நீதிமன்றமே பதிவுசெய்தது. இது பணத்துக்காக நடந்த கொலை என்று நான் சொல்லவரவில்லை. கைக்கும் தலைக்கும் இடையிலுள்ள தொலைவு எவ்வளவு என்பதற்கே இதைச் சுட்டுகிறேன்.

அத்தொலைவு ஏன் கடக்க இயலாததாக இருக்கிறது? ஏவியவர், இடைத்தரகர், ஆள் சேர்ப்பவர், சுடுபவர் என்று அமையும் ஏணியில் ஒவ்வொருவருக்கும் தமக்கு நேர் மேலே உள்ளவரை மட்டுமே தெரியும். பணம் ரொக்கமாகக் கைமாறுகிறது. சுட்டவனுக்கு எதிராகத் தோட்டா, துப்பாக்கி, சாட்சி எனப் பருப்பொருள் உண்டு. சொன்னவனுக்கு எதிராக இருப்பது பெரும்பாலும் ஒரு சொல் மட்டுமே. காவல்துறையிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது என்பது நம் சான்றுச் சட்டத்தின் நெடுநாள் விதி. 2023இன் புதிய சட்டமும் அதைக் காத்துவருகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 111ஆம் பிரிவு, அமைப்பாக்கப்பட்ட குற்றங்களின் பட்டியலில் ஒப்பந்தக் கொலையைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. பெயர் வந்துவிட்டது என்பதனாலேயே ஏணி ஏறப்பட்டுவிடாது.

ஏணி ஏறப்பட்ட வழக்கும் உண்டு. மும்பைக் குற்றச்செய்தியாளர் ஜே. டே 2011 ஜூன் 11 அன்று பவாயில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2018 மே 2 அன்று, ஏவியவனான சோட்டா ராஜனுக்கும் மேலும் எட்டுப் பேருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மகாராஷ்டிரத்தின் 1999ஆம் ஆண்டு அமைப்பாக்கப்பட்ட குற்றத் தடுப்புச் சட்டம் காவல் கண்காணிப்பாளர் நிலை அதிகாரியிடம் தரும் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கிறது. ஏணி ஏறுவதை எளிதாக்கவே அது இயற்றப்பட்டது. ஆனால் அதே வழக்கில் அதே கடுஞ்சட்டத்தின்கீழ்ச் சிறை சென்ற செய்தியாளர் ஜிக்னா வோரா, அத்தீர்ப்பிலேயே விடுவிக்கப்பட்டார். கைதுக்கும் விடுதலைக்கும் இடையே ஆறு ஆண்டுகளுக்கு மேல். அவருடைய சிறை நினைவுக்குறிப்பைத் தழுவி ஹன்சல் மேத்தா 2023இல் எடுத்த ‘ஸ்கூப்’ தொடரை ‘பாதாள் லோக்’குடன் சேர்த்துப் பார்க்கவேண்டும். தலையைத் தேடும் அவசரத்தில், கிடைத்த தலையொன்றை அந்த இடத்தில் பொருத்திவிடும் ஆபத்தை அது காட்டுகிறது. மேலே இருப்பவரைத் தேடுங்கள் என்று கோரும் எவரும் இந்த எச்சரிக்கையை மறக்கக் கூடாது. சட்டத்தின் காப்புகளைத் தளர்த்துவதால் வலியோர் சிக்குவார்கள் என்பதற்கு உத்தரவாதம் ஏதுமில்லை.

‘பாதாள் லோக்’ மீது அடிக்கடி வைக்கப்படும் குற்றச்சாட்டு ஒன்று உண்டு. கொலைகாரர்களின் துயரக் கதைகளைச் சொல்லி அவர்களை நியாயப்படுத்துகிறது என்பது. இதை நான் ஏற்கவில்லை. விளக்குவது வேறு, விடுவிப்பது வேறு. தியாகியின் சுத்தியலைத் தொடர் எங்கும் மென்மையாகக் காட்டவில்லை. என் மாற்றுக்கருத்து வேறொரு திசையிலிருந்து வருவது.

நால்வருக்கும் பால்யம் உண்டு. அவர்களுக்கு ஊர், சாதி, தாய், அவமானம், முதல் குருதி எல்லாம் உண்டு. பாஜ்பாயிக்கு என்ன உண்டு? குவாலா குஜ்ஜருக்கு? அவர்கள் நலன்களாக மட்டுமே திரையில் தோன்றுகிறார்கள். பாஜ்பாயி எந்தப் பள்ளியில் படித்தார், எந்த வயதில் முதன்முறையாக ஒருவரை அகற்றச் சொன்னார், அன்று இரவு உறங்கினாரா, அவர் வீட்டார் அறிவார்களா என்று எந்தப் பின்னோக்குக் காட்சியும் கேட்பதில்லை. எளியவன் கொன்றால் அதற்கொரு காரணம் வேண்டும். வலியவன் கொல்லச் சொன்னால் அது அவன் இயல்பு, அதற்கு விளக்கம் தேவையில்லை என்று இத்தொடரும் நம்பிவிடுகிறது. பரிவுள்ள படைப்பில்கூட வன்முறையின் சமூகவியல் கீழ்நோக்கியே எழுதப்படுகிறது. இன்னொன்றும் சொல்லவேண்டும். நால்வரில் இருவரது கதை ஒரு பெண்ணின் உடல்மீது நிகழ்த்தப்பட்ட வன்முறையைக் காரணமாகக் கொள்கிறது. அப்பெண்கள் அதற்குப் பிறகு என்ன ஆனார்கள் என்று கதை நின்று பார்ப்பதில்லை.

இது தொலைக்காட்சியின் குறை மட்டும் என்றால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். மானுடவியலாளர் லாரா நேடர் 1972இலேயே, நம் துறை ஏன் எப்போதும் அதிகாரமற்றவர்களையே ஆய்வுப்பொருளாக்குகிறது, மேலே உள்ளவர்களை எப்போது ஆராயப்போகிறோம் என்று கேட்டார். அரை நூற்றாண்டு கடந்தும் இந்தியப் பல்கலைக்கழகங்களில் அவ்வினா புதிதாகவே இருக்கிறது. குற்றம் குறித்த நம் ஆய்வுகள் குடிசைப்பகுதி இளைஞரையும், சிறைவாசியையும், ‘வழிதவறிய’ சிறாரையும் தேடிச்செல்கின்றன. அதற்கு நடைமுறைக் காரணம் உண்டு. அவர்கள் வீட்டுக் கதவை நாம் தட்ட முடியும். அவர்களால் நம்மை மறுக்க முடியாது. மேலே உள்ளவர்களின் கதவுக்குக் காவலாளி உண்டு, வழக்கறிஞர் உண்டு, அவதூறு வழக்கு உண்டு. அணுக்கம் எளிதாக இருக்கும் இடத்தில் அறிவு குவிகிறது. பிறகு அறிவு குவிந்த இடமே குற்றம் வாழும் இடம் என்று தோற்றம் கொள்கிறது. நாம் பரிவோடு எழுதும் ஆய்வேடும் அத்தோற்றத்துக்கு ஓர் அடிக்குறிப்பைச் சேர்த்துவிடுகிறது.

மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. நேர்காணல் தராதவர்களும் ஆவணங்களை விட்டுச்செல்கிறார்கள். தேர்தல் வேட்பாளர்கள் தாக்கல்செய்யும் உறுதிமொழிப் பத்திரங்கள், நிலப்பதிவுகள், நிறுவனப் பதிவேடுகள், தீர்ப்புரைகளில் ‘மெய்ப்பிக்கப்படவில்லை’ என்று முடியும் பத்திகள் ஆகியவை பொதுவெளியில் உள்ளன. லெபெல் செய்ததும் அடிப்படையில் இதுதான். அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டுவது. அவர் கொலைஞனைத் தேடிப் புரட்டினார். நாம் கூலி கொடுத்தவரைத் தேடிப் புரட்டலாம்.

இவ்வகைமைத் தொடர்களைப் பற்றி ஆய்வேடோ கட்டுரையோ எழுதும் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொலைஞனின் உளவியல் பற்றியும் துப்பறிபவரின் தனிமை பற்றியும் ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு தொடரிலும் விசாரணை எந்தக் காட்சியில் நின்றுபோகிறது, அதை நிறுத்தியது யார், நிறுத்தியபோது என்ன காரணம் சொல்லப்பட்டது என்று குறித்து வாருங்கள். பத்துத் தொடர்களுக்கு அப்படியொரு அட்டவணை உங்களிடம் இருக்குமானால், அதைப் படிக்க நான் ஆவலாக இருக்கிறேன்.